ஓய்வு வயதை மறுபடி கூட்டும் முன் இந்தக் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 60ல் இருந்து 62 ஆக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் அடங்கி அடங்கி மறுபடி கிளம்புகிறது. கிளம்பும்போதெல்லாம் வதந்தி என்று சொல்லிவிடுகிறார்கள், சரி. ஆனால் 2020லும் அரசாணை கைக்கு வருகிற வரை எங்களுக்கு அது வதந்தியாகத்தான் இருந்தது. தெலங்கானாவில் 2021ல் 61 ஆக்கினார்கள், ஆந்திராவில் 2022ல் 62 ஆக்கினார்கள், அங்கே செய்ததை இங்கே ஏன் செய்யக் கூடாது என்று கேட்பதற்கு எங்கள் ஆட்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். பல வருடம் அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகளைக் கவனிக்கும் சீட்டைப் பார்த்தவன். யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார், பணிப்பதிவேட்டில் எந்தப் பதிவு விடுபட்டிருக்கிறது, முன்மொழிவு ஏ.ஜி. ஆபீஸுக்கு (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) போய்விட்டதா, இதுதான் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், 2020-21ல் கூட்டிய மாதிரி இன்னொரு தடவை கூட்டவே கூடாது.

2020ல் நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொன்னால்தான் நான் சொல்வது புரியும். கொரோனா ஊரடங்கில் அரசின் வருவாய் ஒரேயடியாக விழுந்தது. ஏப்ரல் கடைசியில் அகவிலைப்படி (டி.ஏ.) உயர்வை 2021 ஜூலை வரை நிறுத்தி வைத்தார்கள். அதோடு ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்குவது, ஒரு வருடத்துக்குக் கிடையாது என்றார்கள். அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள், மே 7ஆம் தேதி, ஓய்வு வயது 58ல் இருந்து 59 ஆனது. மே 31 அன்று போக வேண்டியவர்களுக்கும் அது பொருந்தும் என்று ஆணை. டி.ஏ. நிறுத்தம், சரண்டர் நிறுத்தம், ஓய்வு நிறுத்தம் என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்தபோதே நோக்கம் தெரிந்துவிட்டது. கையில் காசு இல்லை, கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த நெருக்கடியில் வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் 2021 பிப்ரவரி 25 அன்று, தேர்தலுக்கு ஒன்றரை மாதம் கூட இல்லாத நேரத்தில், சட்டப்பேரவையில் விவாதமில்லாமல் அறிவிக்கும் 110 விதியின் கீழ் 59ஐ 60 ஆக்கினார்களே, அதற்கு என்ன பதில்? பத்து மாதத்துக்குள் இரண்டு வருடம் கூடிவிட்டது. மக்கள்தொகை மூப்படைகிறது, ஆயுள் கூடியிருக்கிறது என்ற யோசனையெல்லாம் இதற்குப் பின்னால் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்ற ஒரு உதவியாளர் இருந்தார். ஊரடங்கு என்பதால் மாலை, பிரிவு உபசாரம் ஒன்றும் கிடையாது, முகக்கவசத்தோடு வந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டு டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஏறிப் போனார். ஒரு வாரத்தில் ஆணை வந்தது. அவரைவிட ஒரே மாதம் பின்னால் பிறந்தவர்கள் கடைசியில் இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்த்தார்கள். (பிறந்த தேதி என்பதே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஒரு கணக்காகப் போட்டதுதான் என்பது எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் ஓய்வு பெறும் கூட்டம் எப்போதுமே அதிகம்.) ஒரு நாள் முன்பின் என்று கோடு கிழித்தால் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் நிற்கத்தான் செய்வார், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் மெதுவாக, மாதம் மாதமாகக் கூட்டியிருந்தால் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்காது.

அப்புறம் வெளியில் இருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம். 2020 மேயில் போக வேண்டியவர்கள் 2022 மேயில்தான் போனார்கள். அதாவது நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம், முன்பே 60 வயது வரை இருந்த அடிப்படைப் பணியாளர்கள் போன்ற சிலரைத் தவிர, வயது முதிர்வால் யாருமே ஓய்வு பெறவில்லை. கதவு திறக்கவேயில்லை. ஒரு கண்காணிப்பாளர் போனால்தான் உதவியாளர் ஒருவர் மேலே வருவார், உதவியாளர் வந்தால்தான் இளநிலை உதவியாளர் வருவார், கடைசியில் அடியில் ஓர் இடம் காலியாகி அதைத் தேர்வாணையத்துக்கு எழுதுவோம். மேலே ஆள் அசையவில்லை என்றால் இந்தச் சங்கிலி முழுவதும் நின்றுவிடும். பதவி உயர்வு பேனலில் முதல் பெயராக இருந்தவர் இரண்டு வருடம் முதல் பெயராகவே இருந்தார். அவர்களில் சிலருக்கு அந்த இரண்டு வருட தாமதத்தால் கடைசிச் சம்பளமே குறைந்தது, அதன்மேல் கணக்கிடும் ஓய்வூதியமும் ஆயுள் முழுக்கக் குறைந்தது. ஓய்வு வயது கூடியதால் ஊழியர்கள் எல்லோருக்கும் லாபம் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். மேலே உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு வருட முழுச் சம்பளம் கிடைத்தது, அவருக்குக் கீழே காத்திருந்தவர் அதே இரண்டு வருடத்தை இழந்தார்.

அரசுக்காவது லாபமா? அதையும் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்த, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஒருவர், டி.ஏ. சேர்த்துக் கடைசிச் சம்பளம் ஒரு லட்சம் என்று வையுங்கள். பணிக்கொடை அதிகபட்சம் பதினாறரை மாதச் சம்பளம், அது 16 லட்சத்து 50 ஆயிரம். ஈட்டிய விடுப்பு 240 நாள் கணக்கில் இருந்தால் இன்னொரு 8 லட்சம். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை கம்யூட்டேஷன் செய்தால், அதாவது முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டால், வருவது தனி. எல்லாம் சேர்த்தால் 35 லட்சத்தை எட்டும், தாண்டவும் தாண்டும். இதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதுதான் அரசுக்குக் கிடைத்த மிச்சம். ஆனால் அந்த இரண்டு வருடமும் மாதம் ஒரு லட்சம் சம்பளம் கொடுக்க வேண்டுமே. அவரை அனுப்பியிருந்தால் கம்யூட்டேஷன் பிடித்தம் போக மாதம் முப்பத்தைந்து, நாற்பதாயிரம் ஓய்வூதியம், சங்கிலியின் அடியில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு 19,500 அடிப்படைச் சம்பளத்தில் அன்றைய படிகளைச் சேர்த்தால் இருபத்தைந்தாயிரம் அளவு, நடுவில் பதவி உயர்வு பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எப்படிக் கூட்டினாலும் ஒரு லட்சத்துக்குக் கீழேதான் நிற்கிறது. அந்த 35 லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தாலும் வட்டி வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். அவரை வேலையில் வைத்திருந்ததால் கூடுதலாகப் போன சம்பளம் பல இடங்களில் அதைவிட அதிகம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர் போகும்போது இரண்டு இன்கிரிமெண்ட், நிறுத்தி வைத்துப் பிறகு விடுவித்த டி.ஏ., எல்லாம் ஏறி, கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையும் ஏறியிருக்கும்.

ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய ஆண்டுகளில் இரண்டு குறைகிறதே என்று சிலர் சொல்வார்கள். குறைகிறதுதான், மேலே போட்ட கணக்கில் அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது. அனுபவத்துக்கு மதிப்பில்லையா என்றும் கேட்பார்கள். இருக்கிறது, நானே அதை வைத்துப் பிழைத்தவன்தான். ஆனால் அனுபவத்தைத் தக்கவைக்க வேண்டும் என்பதற்காக அந்த ஆணை போடப்பட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. வேலை செய்பவர், செய்யாதவர், நோயில் கிடப்பவர் என்று எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே வரியில் போட்ட ஆணை அது.

இளைஞர்கள் பக்கத்துக்கு வருகிறேன். முதியவர் வேலையில் நீடித்தால் இளைஞருக்கு வேலை பறிபோகும் என்பது தப்பு, ஒரு நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை நிலையானது அல்ல, சம்பாதிக்கும் முதியவர் செலவழிப்பார், அதனால் புதிய வேலைகள் வரும் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்கிறார்கள். ஜொனாதன் க்ரூபர், டேவிட் வைஸ் என்ற இருவர் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, முதியவர்கள் சீக்கிரம் வெளியேறிய நாடுகளில் இளைஞர்களுக்கு வேலை கூடிவிடவில்லை என்றார்கள். நீண்ட காலத்துக்கு, முழுப் பொருளாதாரத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இத்தாலியில் 2011 கடைசியில் கடன் நெருக்கடியின் நடுவே ஃபொர்னெரோ சீர்திருத்தம் என்று ஓய்வு வயதை ஒரேயடியாக உயர்த்தினார்கள், அப்போது எந்த நிறுவனங்களில் போக வேண்டியவர்கள் அதிகமாக நின்றுவிட்டார்களோ அந்த நிறுவனங்கள் இளைஞர்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டன என்று டிட்டோ போயரியும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். திடீரென்று செய்தால் அடி இளைஞர் மேல் விழுகிறது. அரசு வேலைக்கோ இந்த விவாதமே தேவையில்லை. இங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்று ஓர் எண்ணிக்கை இருக்கிறது. பத்து என்றால் பத்துதான். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும்.

குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அதற்கு அடுத்த குரூப் 4 எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூலை 24. கிட்டத்தட்ட மூன்று வருடம். இதில் கொரோனாவுக்குப் பெரிய பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஓய்வு வயதின் மேல் போட மாட்டேன். ஆனால் காலியிடமே உருவாகாத அந்த இரண்டு வருடமும் அதில் அடங்கியிருக்கிறது. 2022ல் 7,301 இடம் என்று அறிவித்தார்கள், விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். எங்கள் ஊர் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். காலை திறக்கும் முன்பே வாசலில் டிபன் பாக்ஸோடு பிள்ளைகள் நிற்கிறார்கள். சமச்சீர் புத்தகங்களை அட்டை கிழியும் அளவுக்குப் படித்து, ஓரத்தில் பென்சிலால் ஆண்டு எண்களைக் குறித்து வைத்திருப்பார்கள். ஒரு பெண் கல்யாணமாகிக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள், இந்த முறையும் இல்லை என்றால் வீட்டில் விட மாட்டார்கள் என்றாள். 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது உச்சவரம்பை இரண்டு ஆண்டு கூட்டினார்கள், பொதுப் பிரிவினருக்கு 30 என்பது 32 ஆனது. நல்ல காரியம், செய்திருக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்வு எழுத இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்தால் அந்தப் பெண் சம்பளமில்லாமல் இருந்த இரண்டு வருடம் திரும்பி வருமா? 30ல் சேர வேண்டியவர் 32ல் சேர்ந்தால் அவருடைய சேமிப்பு, வீட்டுக்கடன், குழந்தைகளின் படிப்பு எல்லாமே இரண்டு வருடம் பின்னால் போகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஓய்வு வயது கூடக் கூடாது என்ற கட்சி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு கிழடாகிக்கொண்டிருக்கிறது, அது உண்மை. 2021 கணக்குப்படி நம் மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர், கேரளத்தில் 16.5. 2031ல் இங்கே 18.2 ஆகும் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறையே மதிப்பிட்டிருக்கிறது. குழந்தை பிறப்பு ஒரு பெண்ணுக்கு 1.4 என்று 2020ன் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. 60 வயதை எட்டிய இந்தியர் சராசரியாக இன்னும் பதினெட்டு ஆண்டு போல வாழ்கிறார். 58 வயதுக்காரரைக் கிழவர் என்று சொன்ன காலம் போய்விட்டது. இன்று என் வயதில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னவாவது வேலை கிடைக்குமா என்றுதான் தேடுகிறார்கள். ஆகவே இன்று இல்லாவிட்டாலும் நாளை இந்தக் கேள்வி வரத்தான் போகிறது. எப்படிச் செய்வது என்பதில்தான் என் கவலை.

ஜெர்மனியில் 65ஐ 67 ஆக்க 2007ல் சட்டம் போட்டார்கள், 2012ல் தொடங்கி முதலில் வருடத்துக்கு ஒரு மாதம், பிறகு வருடத்துக்கு இரண்டு மாதம் என்று கூட்டி 2031ல்தான் முடிக்கிறார்கள். சீனா கூட 2025 ஜனவரியில் தொடங்கி பதினைந்து வருடத்தில் ஆண்களுக்கு 60ஐ 63 ஆக்குகிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பாடமாகத் தெரிவது ஜப்பான். அங்கே மக்களில் பத்தில் மூன்று பேர் 65ஐத் தாண்டியவர்கள். அவர்கள் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 60ல் இருந்து 65 ஆக்க 2023ல் தொடங்கினார்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு வயது வீதம் 2031ல் முடியும். ஒருவருடம் விட்டு ஒருவருடம் ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருப்பார்கள், நம் ஊர் மாதிரி கதவு மொத்தமாக அடைபடாது. யாரும் போகாத வருடங்களில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிடக் கூடாது என்று தற்காலிகமாகக் கூடுதல் பணியிடங்களுக்கும் ஏற்பாடு செய்தார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் பொதுவாக 60 வயதில் அந்த நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும், அப்புறம் கீழ் நிலையில் வேலை பார்க்கலாம், சம்பளம் முன்பு வாங்கியதில் எழுபது சதவீதம். ஆக அனுபவம் அலுவலகத்திலேயே இருக்கிறது, பதவி உயர்வுச் சங்கிலியும் அறுபடவில்லை, சம்பளச் செலவும் குறைகிறது. நம்மில் எத்தனை கண்காணிப்பாளர்கள் 60க்கு மேல் ஆலோசகராக, பயிற்சி கொடுப்பவராக, முப்பது சதவீதம் குறைந்த சம்பளத்தில் இருக்கச் சம்மதிப்பார்கள் என்று கேட்டால், நான் பேசிப் பார்த்த வரையில் நிறையப் பேர் சம்மதிப்பார்கள். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல வரவில்லை. தனியார் நிறுவனங்களில் 60ல் ஓய்வு கொடுத்து, மறுநாளே அதே ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் எடுப்பது அங்கே பழக்கம். அப்படி எடுக்கப்பட்ட லாரி ஓட்டுநர்கள் சிலர், அதே லாரி, அதே தடம், அதே வேலை, சம்பளம் மட்டும் ஏன் குறைவு என்று வழக்குப் போட்டார்கள். 2018ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொறுப்பைக் குறைத்துச் சம்பளத்தைக் குறைப்பது ஒன்று, பொறுப்பு அப்படியே இருக்கக் கூலியை மட்டும் குறைப்பது வேறொன்று. சிங்கப்பூரில் ஓய்வு வயது ஒன்று, மறுவேலை வயது ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். 2022ல் அவை 63, 68 ஆக இருந்தன, 2026 ஜூலை முதல் 64, 69 என்று அறிவித்தார்கள். ஓய்வு வயதுக்கு முன் வயதைக் காட்டி யாரையும் அனுப்ப முடியாது, அதற்கு மேல் வேலை செய்யத் தகுதியும் உடல்நலமும் இருந்தால் மறுவேலை கொடுக்க முன்வர வேண்டும். அந்த மாதிரி இரண்டு கட்டமாகப் பிரித்தாலே நம் ஊரில் பாதிச் சிக்கல் தீரும்.

எல்லா உடம்பும் ஒன்றல்ல என்பது அடுத்த விஷயம். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு பார்த்தவன், எனக்கு 60 ஒரு சுமையாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஓய்வு வயதைக் கூட்டிய ஆணை பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. மழையில் மின்கம்பம் ஏறுகிறவர், நாள் முழுக்க பேருந்தின் கிளட்ச்சை மிதிக்கிறவர், இவர்களுக்கும் அதே இரண்டு வருடம். எங்கள் தெருவில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார், முட்டி தேய்ந்து, டூட்டி முடிந்து வந்தால் வாசல்படி ஏற மனைவி தோளைப் பிடித்துக்கொள்வார். 58ல் போய்விடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமே என்றால், பெண்ணின் கல்யாணத்துக்கு வரவேண்டிய பணம் எப்போது கைக்கு வரும் என்ற பயம். போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்றவர்கள் பணப்பலனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த கதை உங்கள் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரான்ஸில் 2023ல் 62ஐ 64 ஆக்கியபோது லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பாரிஸில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்து நடைபாதையெல்லாம் குப்பை மூட்டை குவிந்து கிடந்தது. குப்பை மூட்டையைத் தூக்குகிறவர் இன்னும் இரண்டு வருடம் தூக்க வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேட்டது. அதை நாடாளுமன்றத்தின் கீழவையில் இறுதி வாக்கெடுப்பு இல்லாமல், அரசியலமைப்பின் 49.3 பிரிவைக் கொண்டு நிறைவேற்றியதால் கோபம் இன்னும் கூடியது. நம் ஊரில் எதிர்ப்பே வரவில்லை, ஏனென்றால் இங்கே சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்கு அது பரிசாகத் தெரிந்தது, நஷ்டப்பட்டவர்களான தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது. கேரளத்தில் 2022ல் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 60 என்று ஆணை போட்டவுடன் ஆளுங்கட்சியின் இளைஞர் அமைப்பே எதிர்த்தது, சில நாளில் ஆணையை நிறுத்தி வைத்தார்கள்.

இவ்வளவு பேசியும் நான் இதுவரை பேசியது ஒரு சின்னக் கூட்டத்தைப் பற்றித்தான். ஓய்வு வயது என்ற ஒன்றே இல்லாதவர்கள்தான் இந்த மாநிலத்தில் பெரும்பான்மை. எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டடம் எழும்புகிறது, அங்கே சித்தாளாக வரும் அம்மாவுக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. கலவைச் சட்டியை இடுப்பில் தாங்கி, சாரத்தின் முதல் தட்டு வரை ஏறிவிட்டு, அங்கே ஒரு நிமிடம் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அப்புறம் இறங்குவார். அவரிடம் போய் ஓய்வு வயதை 62 ஆக்கலாமா என்று கேட்க முடியுமா? மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயில் இருந்து 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, பதினைந்து வருடத்துக்கும் மேலாக 200 ரூபாய்தான். தனியார் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டு முப்பது வருடம் உழைத்தவருக்கு பி.எஃப். நிறுவனம் கொடுக்கும் இ.பி.எஸ். ஓய்வூதியம் குறைந்தபட்சம் 1,000 என்று 2014ல் நிர்ணயித்தார்கள், அதோடு சரி. அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் ஆயுள் முழுக்க வேலை பார்த்துவிட்டு 60ல் வெளியே வந்த அம்மாக்களுக்கு மாதம் 2,000 என்றுதான் இருந்தது. முதியோர் கூடிக்கொண்டே போகும் சமுதாயத்தின் பொருளாதாரப் பிரச்சினை என்று எனக்குப் படுவது இதுதான். இவர்கள் செலவழிக்கக் காசில்லாமல் இருப்பதால் மருந்துக்கடை பாக்கி பிள்ளைகள் தலையில் விழுகிறது, அந்தப் பிள்ளைகள் சேமிக்க முடியாமல் அவர்களும் நாளை இதே நிலைக்கு வருகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு இரண்டு வருடம் கூட்டுவதை மூப்புக்கான தீர்வு என்று யாராவது சொன்னால், சித்தாள் அம்மாவின் கணக்கு அதில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் ஐந்து வருட முன்னறிவிப்பு கொடுங்கள், மாதக்கணக்கில் படிப்படியாகக் கூட்டுங்கள். உடல் உழைப்பு வேலைகளில் இருப்பவர்கள் 58லேயே முழுப் பணப்பலனோடு போக வழி வையுங்கள். நிர்வாகப் பொறுப்பை 60க்கு மேல் நீட்டிக்காமல், விரும்புகிறவர்களை, பணியிடத்தைப் பிடித்துக்கொள்ளாத தனிப் பட்டியலில், குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிள்ளைகளுக்கு எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) எழுதவும், பட்ஜெட் மதிப்பீடு போடவும், தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதவும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அலுவலகங்கள் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன், அதற்கு இவர்கள் நிச்சயம் பயன்படுவார்கள். மாதாமாதம் காலியாகும் இடங்களை அந்தந்த வருடமே தேர்வாணையத்துக்கு அனுப்புங்கள். தள்ளிப்போட்டதால் மிச்சம் என்று ஏதாவது தொகையைக் காட்டினால், அதை அன்றாடச் செலவில் கரைக்காமல் முதியோர் உதவித்தொகைக் கணக்கில் வையுங்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். 2020 மேயில் இருந்து ஒவ்வொரு துறையிலும் வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், அந்த இடங்களில் நிரந்தரமாக நிரப்பியது எத்தனை, வெளிமுகமை மூலமோ தொகுப்பூதியத்திலோ நிரப்பியது எத்தனை, காலியாகவே விட்டது எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் துறைவாரியாகக் கேட்டு, ஆண்டுவாரியாக வெளியிடுங்கள். இந்த விவரம் எல்லா அலுவலகங்களின் பணியமைப்புப் பிரிவிலும் பதிவேடாக இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஒரு வாரம் கூட ஆகாது. 62 பற்றிய அடுத்த பேச்சு கிளம்பும் முன் அது அச்சில் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
விழுப்புரம் மாவட்டம்.